காற்றில் போன குரலும் பெட்டியில் தங்கிய கடிதமும்



உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறதா? மூடியில் துருவேறி, பூட்டு இருந்தும் சாவி இல்லாமல், கயிறு போட்டுக் கட்டிய பெட்டி? அதற்குள் பிறப்புப் பத்திரம் இருக்கும். ஊரிலிருந்து வந்த நீல நிற ஆகாயக் கடிதங்கள் இருக்கும். யாருடையது என்று தெரியாத கல்யாணப் படம் ஒன்றும் இருக்கும். பிள்ளைகள் "இது எதற்கம்மா? தூக்கிப் போடுங்கள்" என்பார்கள். நீங்களும் "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் உள்ளே தள்ளிவிடுவீர்கள்.

இந்த வாரம் அந்தப் பெட்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால், கொஞ்சம் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

பழைய தோட்டத்து நாட்களை நினைத்துப் பாருங்கள். காலையில் பெரட்டு, பிறகு வெட்டு. பாலை ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால், லயத்தில் யார் வீட்டிலோ வானொலி பாடிக்கொண்டிருக்கும். கூரைமேல் மூங்கிலை நட்டு, அதில் கம்பியைக் கட்டி இழுத்திருப்பார்கள். நேயர் விருப்பத்துக்கு நம்மவர்கள் தபால் அட்டை போடுவார்கள். பாட்டின் பெயர் ஒரு வரி. மீதி இடம் முழுவதும் பெயர்கள். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, பக்கத்து வீட்டு அத்தை, கடைசியில் தோட்டத்தின் பெயரும் டிவிஷனும். அறிவிப்பாளர் அதை வாசிக்கும் நாளில் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும்.

அந்த அட்டைகள் எல்லாம் என்ன ஆயின? ஒலிபரப்பு அறையில் உட்கார்ந்திருந்த மனிதர் அவற்றைப் படித்துவிட்டுக் குப்பையில் போட்டாரா, பத்திரப்படுத்தினாரா? நாம் அவர் குரலைக் கேட்டோம். அவர் நம்மைக் கண்டது நம் கையெழுத்தில் மட்டும்தான். அப்படியானால் அந்தக் கையெழுத்து அவருக்கு என்னவாக இருந்திருக்கும்?

இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் வில்லிஸ் கோனோவர் என்ற அமெரிக்கரின் கதை எனக்குக் கிடைத்தது. 41 ஆண்டுகள் வானொலியில் ஜாஸ் இசை ஒலிபரப்பியவர் அவர்.

ஜாஸ் என்றதும் 'அது நமக்கு எதற்கு' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்த இசையின் வேர் தோட்டத்தில் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கு பூட்டிக் கொண்டுவரப்பட்ட மக்கள், அமெரிக்காவின் பருத்திக் காடுகளிலும் கரும்புக் காடுகளிலும் அடிமைகளாக உழைத்தார்கள். ஒருவர் ஓரடி பாட, மற்றவர்கள் சேர்ந்து பதில் பாடுவது அவர்கள் வழக்கம். நியூ ஆர்லியன்ஸ் நகரில் காங்கோ சதுக்கம் என்ற திடலில், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் கூடி மேளம் கொட்டி ஆடினார்கள். 1865ல் அடிமை முறை ஒழிந்தது. அந்தப் பாட்டும் தாளமும், தேவாலயப் பாடலும், ஊதுகுழல் வாத்தியங்களும் ஒன்று கலந்து, 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதே நகரில் ஜாஸ் உருவாயிற்று. நம் நாதஸ்வரக்காரர் ராகத்தை எடுத்துக்கொண்டு தன் கற்பனைக்கு ஏற்ப விரித்துக்கொண்டே போவதில்லையா? அதுபோல ஜாஸ் கலைஞரும் வாசிக்கும்போதே புதிதாக இசையைப் பின்னிக்கொண்டு போவார்.

கோனோவர் 1920ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் தேதி, நியூயார்க் மாநிலத்தில் உள்ள பஃபலோ நகரில் பிறந்தார். அவர் வெள்ளைக்காரர். வாஷிங்டனில் வானொலி அறிவிப்பாளராக இருந்தபோதே ஜாஸ் கச்சேரிகளை ஏற்பாடு செய்தார். கறுப்பருக்கு ஓரிடம், வெள்ளையருக்கு வேறிடம் என்று பிரித்து வைத்திருந்த காலம் அது. அவரோ, தம் கச்சேரிகளில் இரு சாராரும் கலந்து உட்கார வேண்டும் என்று வற்புறுத்தினார்.

1955 ஜனவரியில் 'வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா' வானொலியில் அவருடைய நிகழ்ச்சி தொடங்கியது. டியூக் எலிங்டன் குழுவினர் வாசித்த 'டேக் தி ஏ டிரெயின்' என்ற பாட்டு அதன் முகப்பிசை. வாரத்தில் ஆறு இரவு அது ஒலித்தது. வாஷிங்டனில் நாடாவில் பதிவு செய்யப்படும் நிகழ்ச்சி, மொரோக்கோவில் உள்ள டாஞ்சியர் போன்ற அஞ்சல் நிலையங்கள் வழியாகச் சிற்றலையில் உலகமெங்கும் போகும்.

சிற்றலையின் குணம் உங்களுக்குத் தெரியும். ராத்திரியில் அது வானத்து மேலடுக்கில் பட்டுத் தெறித்து ஆயிரக்கணக்கான மைல் போகும். ஆனாலும் கூடும், குறையும். கடலிரைச்சல் போல இரையும். அந்த இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டும், ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்தவனுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக, கோனோவர் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக, கனத்த குரலில் உச்சரித்தார். அந்தக் குரலைக் கேட்டே ஆங்கிலம் கற்றோம் என்று சொன்னவர்கள் பல நாடுகளில் இருந்தார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அது அமெரிக்க அரசாங்கத்தின் வானொலி. ரஷ்யாவோடு பனிப்போர் நடந்த காலத்தில், தன் பக்கம் உலகத்தை ஈர்க்க அந்த அரசாங்கம் செலவு செய்தது. ஆனால் கோனோவர் தம் நிகழ்ச்சியில் அரசியல் பேசவில்லை. பாட்டு, வாசித்தவர் பெயர், பதிவான ஆண்டு என்று இசையைப் பற்றித்தான் பேசினார். ஜாஸ் குழுவில் எல்லோரும் தாளத்தையும் சுருதியையும் முதலில் ஒப்புக்கொள்கிறார்கள். அந்தக் கட்டுக்குள் நின்று அவரவர் மனத்தில் தோன்றியதைச் சுதந்திரமாக வாசிக்கிறார்கள். மக்களாட்சியும் அப்படித்தான் என்பது அவர் கருத்து.

சோவியத் நாட்டில் ஸ்டாலின் காலத்தில் ஜாஸ் இசைக்குக் கெடுபிடி இருந்தது. ஜாஸ் வாசிக்கிறவன் நாளை நாட்டையே விற்றுவிடுவான் என்ற பழிச்சொல் கூட அங்கே வழங்கியது. இசைத்தட்டு கிடைக்காத இளைஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆஸ்பத்திரியில் வேண்டாமென்று கழித்த எக்ஸ்ரே படத்தை வாங்கி, வட்டமாக வெட்டி, நடுவில் சிகரெட்டால் சுட்டுத் துளை போட்டு, அதில் பாட்டைப் பதிந்தார்கள். யாருடைய விலா எலும்போ தெரியும் தட்டில் பாட்டுச் சுழலும்! ரஷ்ய மொழி ஒலிபரப்புகளை இரைச்சல் போட்டு மறித்த அதிகாரிகள், ஆங்கிலத்தில் போன இந்த இசை நிகழ்ச்சியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். இளைஞர்கள் நடு ராத்திரியில் வானொலியைக் காதோடு ஒட்டிவைத்துக் கேட்டார்கள்.

போலந்தில் ஆதாம் மகோவிச் என்ற இளைஞர், வீட்டார் விரும்பியபடி மேற்கத்திய சாஸ்திரிய இசை படித்துக்கொண்டிருந்தார். கோனோவரின் நிகழ்ச்சியில் ஆர்ட் டேட்டம் என்ற கறுப்பரின் பியானோவைக் கேட்டார்; தம் பாதையையே மாற்றிக்கொண்டார். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ஜாஸ் கலைஞர் ஆனார். கியூபாவின் தலைநகர் ஹவானாவில் பாக்கிட்டோ டி ரிவேரா என்ற வாலிபரும் இதே குரலைத்தான் கேட்டு வளர்ந்தார். அவரும் பெரிய வித்துவான் ஆனார். நிகழ்ச்சி உச்சத்தில் இருந்தபோது கிழக்கு ஐரோப்பாவில் மட்டும் 3 கோடிப் பேர் கேட்டிருப்பார்கள் என்று ஒரு மதிப்பீடு உண்டு.

சரி, அந்தக் கோடிப் பேரை அவர் எப்படி அறிந்தார்? மேடைப் பாடகருக்கு எதிரே கூட்டம் தெரியும், கைதட்டல் கேட்கும். வானொலிக்காரருக்கு எதிரே இருப்பது ஒரு கண்ணாடியும் ஒரு கடிகாரமும்தான். சொல்லி முடித்த மறுநொடி அவருடைய வார்த்தை காற்றோடு போய்விடுகிறது. யாராவது கேட்டார்களா, இல்லையா? விடை தபாலில்தான் வர வேண்டும். அவருக்குத் தபால் வந்தது, பல நாடுகளிலிருந்து, பல தினுசு தபால் தலைகளோடு.

ஆனாலும் கடிதத்தில் பார்ப்பது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. 1959ல் அவர் போலந்துக்குப் போனார். வார்சா விமான நிலையத்தில் இறங்கியபோது கீழே பெருங்கூட்டம். படம் பிடிப்பவர்கள், பூங்கொத்தோடு பெண்கள், வாத்தியம் வாசிப்பவர்கள்! தம்மோடு வந்த விமானத்தில் யாரோ பெரிய மனிதர் இருக்கிறார் போலும் என்று நினைத்து அவர் திரும்பிப் பார்த்தாராம். வரவேற்பு அவருக்கேதான் என்பது பிறகுதான் புரிந்தது.

இனி இந்தக் கதையின் கசப்பான பக்கம்.

வார்சாவில் அத்தனை கூட்டம் கூடிய மனிதருக்கு, சொந்த நாட்டுத் தெருவில் அடையாளம் கண்டு வணக்கம் சொல்ல ஆள் குறைவு. காரணம் ஒரு சட்டம். 1948ல் அமெரிக்காவில் வந்த அந்தச் சட்டத்தின்படி, வெளிநாட்டுக்கென்று அரசாங்கம் தயாரிக்கும் ஒலிபரப்பை உள்நாட்டு மக்களுக்குத் தரக்கூடாது. அரசாங்கம் தன் பிரசாரத்தைத் தன் மக்கள்மீதே திருப்பிவிடக் கூடாது என்பதே நோக்கம், நல்ல நோக்கம்தான். 2013ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. அதற்குள் அவர் காலம் முடிந்துவிட்டது. நியூபோர்ட் ஜாஸ் விழா போன்ற இடங்களில் மேடை அறிவிப்பாளராகப் பார்த்தவர்களுக்குத்தான் அமெரிக்காவில் அவரைத் தெரியும்.

இன்னொன்று. அத்தனை ஆண்டுகளும் அவர் அந்த நிலையத்தின் நிரந்தர ஊழியர் அல்ல, காண்டிராக்ட் ஆள். என்ன பாட்டு போடுவது என்பதில் மேலதிகாரி தலையிடக் கூடாது என்பதற்காக அவரே விரும்பித் தேர்ந்துகொண்ட நிலை அது. சுதந்திரம் கிடைத்தது. நிரந்தரம் கிடைக்கவில்லை. காண்டிராக்ட்டில் வேலை செய்வது எப்படி என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1969 ஏப்ரல் 29ஆம் தேதி டியூக் எலிங்டனுக்கு 70 வயது நிறைந்தது. அன்றைய ஜனாதிபதி நிக்சன் வெள்ளை மாளிகையில் விருந்து வைத்து, நாட்டின் உயரிய 'சுதந்திரப் பதக்கத்தை' எலிங்டனுக்கு அணிவித்தார். எலிங்டனின் தகப்பனார் ஒரு காலத்தில் அதே வெள்ளை மாளிகை விருந்துகளில் பரிமாறும் வேலைக்குப் போய் வந்தவர். தகப்பன் தட்டு ஏந்திய இடத்தில் மகன் பதக்கம் வாங்கினார்! அந்த இரவின் கச்சேரிக்குக் கலைஞர்களைத் திரட்டி ஏற்பாடு செய்தவர் கோனோவர். அன்றைய ஒலிப்பதிவு 33 ஆண்டுகள் கிடந்து, 2002ல்தான் இசைத்தட்டாக வெளிவந்தது. பிறகு கோனோவருக்கும் அந்தப் பதக்கம் தர வேண்டும் என்று அன்பர்கள் பலர் முயன்றார்கள். 1993ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபையில் அவரைப் பாராட்டிப் பேசினார்கள். ஆனால், பதக்கம் கடைசிவரை கிடைக்கவில்லை.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். கோனோவர் கடிதத்தின் அருமையை வானொலிக்கு வந்த பிறகு கற்றுக்கொண்டவர் அல்ல. 1936ல், அவருக்கு 15 வயது. பேய்க்கதை, விந்தைக்கதைகளில் பைத்தியமாக இருந்த பையன், சிறு பத்திரிகை ஒன்று நடத்த ஆசைப்பட்டு, எச். பி. லவ்கிராஃப்ட் என்ற எழுத்தாளருக்குக் கடிதம் போட்டான். லவ்கிராஃப்ட் இன்று உலகம் அறிந்த பெயர்; அன்றோ வறுமையில் வாடிக்கொண்டிருந்த மனிதர். அவர் அந்தப் பையனைச் சின்னவன் என்று ஒதுக்கவில்லை. பெரியவருக்கு எழுதுவது போலவே பதில் எழுதினார். கடிதம் மேல் கடிதமாகப் போய்வந்தது. 1937 மார்ச்சில் லவ்கிராஃப்ட் 46 வயதில் காலமானார். ஓராண்டு கூட நிறையாத நட்பு!

பையன் வளர்ந்தான், ராணுவத்துக்குப் போனான், வானொலிக்கு வந்தான், உலகம் கேட்கும் குரலானான். 1975ல், 54 வயதில், கோனோவர் அந்தக் கடிதங்களைப் புத்தகமாக வெளியிட்டார். லவ்கிராஃப்டின் கையெழுத்தையே படமெடுத்து அச்சிட்டார். 15 வயதில் கிடைத்த மரியாதையை 39 ஆண்டுகள் கழித்துத் திருப்பிக் கொடுத்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. முகம் தெரியாத ஒருவரிடமிருந்து வரும் நாலு வரி ஒரு மனிதனை எப்படித் தூக்கி நிறுத்தும் என்பதைச் சிறு வயதிலேயே கண்டவர், பிறகு முகம் தெரியாத கோடிப் பேருக்குக் குரலானதில் வியப்பு என்ன இருக்கிறது?

1996ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் தேதி, 75 வயதில், புற்றுநோயால் கோனோவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்றவை என்ன? ஒலிநாடாக்கள், இசைத்தட்டுகள், புகைப்படங்கள், குறிப்புகள், கட்டுக் கட்டாகக் கடிதங்கள். அவற்றை எல்லாம் டெக்சஸ் மாநிலத்தில் டென்டன் ஊரில் உள்ள வட டெக்சஸ் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. 1947லேயே ஜாஸ் இசைக்குப் பட்டப்படிப்புத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அங்கே பெட்டிகளைத் திறந்தார்கள், வகை பிரித்தார்கள், அட்டவணை போட்டார்கள், பல நாடாக்களைக் கணினியில் ஏற்றினார்கள். சொந்த நாட்டார் கேட்கத் தடை இருந்த குரலை, இன்று அந்நாட்டு மாணவர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். அவரைப் பற்றி 2007ல் ஒரு வாழ்க்கை வரலாறும் வெளிவந்தது.

பதக்கம் இல்லை, நிரந்தர வேலை இல்லை. ஆனாலும் அந்த மனிதர் வாழ்ந்த வாழ்க்கைக்குச் சாட்சி இருக்கிறது. எங்கே? பெட்டியில்! அவர் எறியாமல் வைத்திருந்த காகிதங்களில்.

வாசகர்களே, இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு சுட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

என் தகப்பனார் பால் மரம் வெட்டியவர். அதிகம் பேசமாட்டார். ஆனால், வானொலிக்குத் தவறாமல் அட்டை போடுவார். ஒரு முறை வானொலி நிலையத்திலிருந்து ஓர் அறிவிப்பாளர் அவருக்குப் பதில் அட்டை எழுதியிருந்தார். நாலே வரி. அப்பா அதை ஊர்க் கடிதங்களோடு சேர்த்துச் சணல் கயிற்றால் கட்டித் தகரப்பெட்டியில் வைத்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்த பிறகு தோட்டம் கைமாறியது. வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பட்டணத்தில் எங்களுக்குக் கிடைத்தது சின்ன வீடு. சாமான் வைக்க இடமில்லை. கடைசி நாள் சாயங்காலம், லயத்துக்குப் பின்னால் குப்பையோடு குப்பையாக அந்தக் கட்டையும் போட்டு எரித்தவன் நான்தான். யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. "பழைய காகிதம்தானே" என்று நினைத்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இன்று என் பேரப்பிள்ளை கேட்கிறான்: "தாத்தா, உங்கள் அப்பா எப்படி எழுதுவார்?" காட்ட ஒரு வரி கூட என்னிடம் இல்லை. ஊரில் எங்கள் உறவினர் யார் யார், எந்தத் தெரு என்பதும் அந்தக் கட்டில்தான் இருந்தது. அதுவும் போயிற்று.

நம் பாட்டன் பாட்டிமார் எத்தனை பேர் வெட்டினார்கள், எத்தனை ராத்தல் பால் வந்தது என்பதைக் கணக்கப்பிள்ளையின் புத்தகம் எழுதி வைத்தது. அவர்கள் எதற்குச் சிரித்தார்கள், யாரை நினைத்து ஏங்கினார்கள், எந்தப் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டார்கள் என்பதை எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதவில்லை. அது உங்கள் தகரப்பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது. கோனோவருக்கு ஒரு பல்கலைக்கழகம் கிடைத்தது. நம்மவர்களுக்கு நாம்தான் பல்கலைக்கழகம்.

ஆகவே ஒரு வேலை சொல்கிறேன், செய்வீர்களா? வருகிற ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறவுங்கள். வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு படத்தையும் எடுத்து, "இது யார்? எந்தத் தோட்டம்? எந்த வருடம்?" என்று கேட்டு, படத்தின் பின்புறம் பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கத்தைக் கெடுத்துவிடும். கடிதங்களை மடிப்புப் பிரித்து, உள்ளங்கையால் நீவி, காகித உறையில் போடுங்கள். துருப்பிடித்த குண்டூசியையும் ரப்பர் வளையத்தையும் எடுத்துவிடுங்கள். நம் ஊர் ஈரமும் கரையானும் பொல்லாதவை. பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். பிள்ளைகளிடம் கைப்பேசி இருக்கிறதே, ஒவ்வொன்றையும் படம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சாக்கில் அவர்களும் படிப்பார்கள்.

இன்னும் ஒன்று. உங்களுக்குப் பிடித்த அறிவிப்பாளர், பாடம் சொன்ன வாத்தியார், கை ராசிக்காரரான மருத்துவச்சி யாராவது உயிரோடு இருந்தால், இன்றே நாலு வரி எழுதிப் போடுங்கள். காற்றில் போய்விட்டது என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கும் ஒன்று, உங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று தெரியட்டும்.

பெட்டியைத் திறந்து பார்த்ததில் என்ன கிடைத்தது என்று எனக்கும் எழுதுங்கள். உங்கள் கடிதத்தை நான் எரிக்கமாட்டேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.